பின்வளவு வாக்கு

எங்கள் வீட்டில் இருப்பது நானும் மனைவியும். வாக்காளர் இடாப்பில் எங்கள் வீட்டு இலக்கத்தின் கீழே இருப்பது எட்டுப் பெயர். மற்ற ஆறு பேரில் மூவர் கனடாவில், இருவர் இலண்டனில், கடைசி மகன் பிரான்சில். அவன் போகும்போது தலை நிறைய மயிர். இப்போது கைப்பேசியில் பார்த்தால் நெற்றி பிடரிவரை போய்விட்டது. இடாப்பில் மட்டும் அவன் அப்படியே இருக்கிறான்.

ஒவ்வொரு வருடமும் விதானையார் படிவம் கொண்டுவருவார். கிராம அலுவலர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். எங்கள் பக்கத்தில் பழைய பெயர்தான் புழக்கம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருப்பேன். மனைவி கதிரைக்குப் பின்னால் நின்று மூத்தவனிலிருந்து பெயர்களைச் சொல்லுவாள். நான் எழுதுவேன். ஒருமுறை, இது இங்கே வழக்கமாக வசிப்பவர்களைத்தான் கேட்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"உயிரோடை இருக்கிற பிள்ளையளை ஏனப்பா வெட்டுறியள்?" என்று கேட்டாள்.

எழுதினேன். எங்கள் ஒழுங்கை சிறு தெருதான், பதினேழு வீடுகள். எல்லா வீட்டுப் படிவமும் இப்படித்தான் நிரம்புகிறது. பெயருள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் திரும்பி வந்தால் கிணறுகள் இறைத்துக் கட்டாது.

எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்துநாலு வருடம் எழுதுவினைஞனாக இருந்தேன். தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையத்துக்கும் அனுப்புவார்கள், எண்ணும் மண்டபத்துக்கும் அனுப்புவார்கள். இளைப்பாறியபின் எண்ணுவதற்குச் சீட்டு இல்லாததால் மருந்துக் குளிசைகளையும், விழுந்த தேங்காய்களையும், மருதனார்மடம் போகிற பஸ் வண்டிகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். "கோயிலிலை சாமியைப் பாக்காமல் விளக்கை எண்ணுற மனிசன்" என்று மனைவி உறவுக்காரரிடம் சொல்லுவாள். உண்மைதான். ஆனால் இவ்வளவையும் எண்ணிய நான் பின்வளவை எண்ணவில்லை.

பின்வளவு என் தங்கையின் சீதனக் காணி. தகப்பனார் வளவை இரண்டாகப் பிரித்து முன்பாதியை எனக்கும் பின்பாதியைத் தங்கைக்கும் எழுதினார். கிணறு பொது. தங்கை கனடா போய் இருபத்தெட்டு வருடம். காணியைப் பார்ப்பது நான். உண்மையில் பார்த்தது ஒரு பெண். தென்னைக்குத் தண்ணீர் விட்டு, வேலி அடைத்து, மாடு வந்தால் துரத்தி, கிணற்றுக்கு அப்பால் ஒரு கொட்டிலில் தாயோடு இருந்தார். தாய் அந்தக் கொட்டிலிலேயே இறந்தார். அவர் அங்கே இருந்தது பதினாலு வருடம்.

இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். வாயால் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நீ, வா, போ என்பதுதான். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர் என்பதால் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதே வயதுள்ள வங்கி முகாமையாளரை நான் நீ என்று கூப்பிடுவதில்லை.

அவருடைய ஆட்கள் வடக்குக் கரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளைப் பிறகு விட்டபோது காணிக்காரர் திரும்பிப் போனார்கள். இவர்கள் அங்கேயும் பிறர் காணியில் குடியிருந்தவர்கள். போவதற்கு எதுவும் இல்லை. அங்கே பதிவதற்குக் காணி இல்லை, இங்கே பதிவதற்கு ஆள் இல்லை என்று இரண்டுக்கும் நடுவில் அவருடைய பெயர் எந்த இடாப்பிலும் ஏறாமலே ஐம்பது வயது கடந்துவிட்டது.

அவருடைய தமக்கை இருப்பது சுடலைக்கு அப்பால் உள்ள குடியிருப்பில். சாதியின் பெயரை எங்கள் ஊரில் இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை. 'அங்காலை ஆக்கள்' என்றால் போதும். என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். எழுபத்தாறு வயதுவரை நான் அங்கே போனதில்லை.

என்னை அங்கே கூப்பிட்டது அந்தக் குடியிருப்பில் பிறந்து படித்த ஓர் இளம் ஆசிரியை. வாக்கில்லாதவர்களைப் பதிவதற்காகச் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

"சேர், நீங்கள் எலக்சன் டியூட்டி செய்த ஆள். எப்பிடிப் பதியிறது, எப்பிடிப் போடுறது எண்டு ஒருக்கா வந்து சொல்லித் தருவியளோ? எங்கடை சனத்தின்ரை வாக்கு கனக்கப் பழுதாப் போகுது."

கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இளைப்பாறிய பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பிஸ்கற் பெட்டியில் கீறு வெட்டி வாக்குப்பெட்டி செய்தேன். மாதிரி வாக்குச்சீட்டு நாற்பது எழுதினேன். மழை வந்தால் பெட்டி நனையும் என்று தறப்பாள் துண்டு, பேனை எழுதாவிட்டால் என்று இன்னும் இரண்டு பேனை, குடை, இருமல் மருந்து. வாசல் படலையைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

அவர்களுடைய சனசமூக நிலையம் ஒற்றை அறை. கதிரை இருபத்தாறு, ஆட்கள் முப்பத்தொன்று. மிச்சப் பேர் சுவரோடு நின்றார்கள். பின்வரிசையில் எங்கள் பின்வளவுப் பெண்ணும் இருந்தார். தமக்கையைப் பார்க்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

தொடங்குமுன் தேத்தண்ணி வந்தது. பெரிய தட்டில் கண்ணாடிக் கிளாசுகள். எல்லோரும் எடுத்தார்கள். எனக்கு மட்டும் ஒரு சோடாப் போத்தல். என் கண்ணுக்கு முன்னாலேயே மூடியை உடைத்துத் தந்தார்கள்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுக் கோப்பையில் வாய் வைக்கமாட்டார்கள். அதனால் வந்தவரைச் சங்கடப்படுத்தாமல் அவர்களாகக் கண்டுபிடித்த மரியாதை அது. என் தகப்பனார் காலத்தில் இளநீர், இப்போது சோடா. எனக்கும் தேத்தண்ணி தாங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று சொல். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், போத்தலைக் கண்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. முழுவதும் குடித்தேன். ஆசிரியை தன் கிளாசைக் குடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பிறகு பாடம் தொடங்கியது. பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒரு புள்ளடிதான், ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு கோடு, கட்சியின் பெயருக்கு நேரே உள்ள கட்டத்துக்குள்தான் போடவேண்டும், கோட்டில் ஏறினால் பிரச்சினை வரும் என்று விளக்கினேன். முன்வரிசையில் பல்லில்லாத ஒரு கிழவர் கையை உயர்த்தினார்.

"ஐயா, புள்ளடி போடுறதுக்கும் வகுப்போ? எங்கடை கோழி முற்றம் முழுக்கப் போடுது. ஒரு பள்ளிக்கூடமும் போகேல்லை."

"உன்ரை கோழி கட்டத்துக்குள்ளையோ போடுது?" என்றார் பக்கத்திலிருந்த பெண். "வெளியாலை போட்டால் செல்லாது எண்டெல்லோ ஐயா சொல்லுறார். போன முறை நீயும் கோழி மாதிரித்தான் போட்டிருப்பாய்."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. நானும் சிரித்தேன். எனக்கு அந்தச் சபை பிடித்துப்போயிற்று. உற்சாகத்தில் பதிவு பற்றிய பகுதிக்கு வந்தேன். அதற்காகச் சைக்கிளில் வரும்போதே ஒரு வசனம் தயார் பண்ணியிருந்தேன்.

"காணி உறுதி காட்டத் தேவையில்லை. வாடகைத் துண்டும் தேவையில்லை. நீங்கள் பாய் விரிச்சுப் படுக்கிற இடம் எதுவோ, அங்கைதான் உங்கடை வாக்கு."

நன்றாக விழுந்தது. ஆகவே மூன்று தரம் சொன்னேன்.

இடாப்பில் பெயர் தேடப் பழகுவதற்காக ஆசிரியை எங்கள் பிரிவின் இடாப்புப் பிரதியைக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து உரத்து வாசிக்கச் சொன்னார். ஒரு இளம்பெண்ணின் கைக்குப் போன தாள் எங்கள் ஒழுங்கை. நான் அதை யோசித்திருக்கவில்லை. அவள் வீட்டு இலக்கத்தையும் பெயர்களையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். என் பெயர், மனைவியின் பெயர், பிறகு மூத்தவன், மருமகள், அடுத்தவன், மகள், மருமகன், கடைசி.

"ஐயா வீட்டிலை எட்டு வாக்கு!" என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.

"எலக்சனுக்குப் பிளேன் பிடிச்சு வருவினமோ?"

"ஆள் வராட்டிலும் வாக்கு வரும். நீ ஏன் கவலைப்படுறாய்?"

நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து பின்வளவுப் பெண் எழும்பினார்.

"ஐயா, ஒரு கேள்வி. காணி வேறை ஆக்களின்ரை எண்டாலும் பரவாயில்லையோ?"

"பரவாயில்லை."

"கொட்டில் எண்டாலும்?"

"கொட்டில் எண்டாலும்."

"அப்ப நான் உங்கடை பின்வளவு எண்டு எழுதலாம்."

கொண்டுவந்த பேனைகளை நேராக அடுக்கினேன்.

"எழுதலாம்," என்றேன். "விதானையாரோடையும் ஒருக்காக் கதைச்சிட்டு…"

"தன்ரை வாக்குக்கு ஆரோடை கதைக்கிறது?" என்றார் கோழிக் கிழவர். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்வளவுப் பெண் தொடர்ந்து நின்றபடியே சொன்னார். "போன முறை தபால்காரன் வாக்கு அட்டை கொண்டுவரேக்கை நீங்கள் ரெண்டு பேரும் கோயிலுக்குப் போட்டியள். எட்டு அட்டையையும் என்ரை கையிலைதான் தந்தவன். ஒவ்வொண்டா வாசிச்சுப் பாத்தனான், எனக்கெண்டு ஒண்டு மாறிக்கீறி வந்திருக்குமோ எண்டு. அம்மா ஒரு தரமும் போடாமல் செத்துப்போனா. நான் ஒருக்கால் போட்டிட வேணும்."

அந்த எட்டு அட்டைகளும் எனக்கு நினைவிருந்தன. வீட்டுக்கு வந்தபோது விளக்குமாடத்தில் அடுக்கி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது. குடியிருப்பவரின் பெயர் இடாப்பில் ஏறினால் காணி கைவிட்டுப் போய்விடும் என்பது. வெளிநாட்டில் இருக்கிற காணிக்காரர், இங்கே பார்க்கிற உறவுக்காரருக்குச் சொல்லிவைக்கிற முதல் புத்தி அதுதான். தண்ணீர் விடலாம், தேங்காய் பொறுக்கலாம், படுக்கலாம். பெயர் மட்டும் பதியக்கூடாது. அது சட்டமல்ல. எனக்கு அது சட்டமல்ல என்று தெரியும். சனசமூக நிலையத்தில் மூன்று தரம் சொல்ல முடிந்ததை என் வீட்டு மண்டபத்தில் ஒரு தரமாவது சொல்லிப் பார்த்தேனா என்றால், தங்கையிடம் பாதி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கைப்பேசியில் வந்தாள். பின்னால் யன்னலில் பனி கொட்டியது. செய்தி என் மனைவி மூலமாக முதலே போயிருந்தது.

"அண்ணை, அவளின்ரை பேரைப் பதிய விட்டிடாதையுங்கோ. பதிஞ்சால் பிறகு காணியாலை எழுப்பேலாது."

"உது சட்டமில்லைப் பிள்ளை."

"சட்டம் உங்களுக்குத் தெரியும். சனம் எனக்குத் தெரியும்," என்றாள், இருபத்தெட்டு வருடமாகப் பனிக்குள் இருப்பவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்கடை ஆக்களெண்டால் கூடப் பரவாயில்லை…"

அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. அங்கே இப்போது எத்தனை பாகை குளிர் என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை விதானையார் வந்தார். இப்போதைய விதானையார் ஒரு பெண், ஸ்கூட்டியில் வருவார், முப்பது வயது இருக்கும். அவரோடு பின்வளவுப் பெண்ணும் வந்தார், முன்படலையால். அந்தப் பதினாலு வருடத்தில் அவர் முன்படலையால் வந்ததை நான் கண்டதில்லை. கிணற்றடிப் பக்கத்தால் வந்து குசினி வாசலில் நின்று கூப்பிடுவதுதான் வழக்கம். அப்படி வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை. இப்படி வரலாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

விதானையார் விறாந்தையில் இருந்தார். பின்வளவுப் பெண் படிக்குக் கீழே நின்றார். "நீங்களும் இருங்கோ அக்கா," என்று விதானையார் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். என் வீட்டுக் கதிரை. இழுத்துப் போட்டது நான் இல்லை.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். விதானையாருக்குப் பூப்போட்ட கோப்பை. பின்வளவுப் பெண்ணுக்குக் கடுதாசிக் குவளை. மாமியாரின் திவசத்துக்கு வாங்கியதில் மிஞ்சியது, குடித்துவிட்டு எறிகிறது. இப்போது எல்லா வீட்டிலும் இந்தக் குவளை வந்துவிட்டதால் பேதம் பார்க்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்லிவிடலாம். அவர் குடித்து முடித்து, குவளையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் பின்னாலை போய்ப் பாத்தனான்," என்றார் விதானையார். "கொட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு. எனக்கு அது காணும். ஆனா பேந்து ஒருத்தர் ஆட்சேபனை எழுதினால் விசாரணை, அது இது எண்டு இழுபடும். காணியைப் பாக்கிறவர் நீங்கள், இவ இங்கைதான் இருக்கிறா எண்டு ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ."

"காணி தங்கச்சியின்ரை…"

"இருக்கிறாவோ இல்லையோ எண்டுதான் கேக்கிறன் ஐயா. காணி ஆற்றை எண்டு கேக்கேல்லை."

அப்போது மனைவி வாசற்கதவில் நின்று சொன்னாள். "இவ இங்கை இருக்கிற ஆளில்லைப் பிள்ளை. வேலைக்கு வந்து போறவ."

கெட்ட மனிசி அல்ல என் மனைவி. அவருடைய தாய் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி அனுப்பியவள். தங்கையோடு சண்டை வரக்கூடாது என்று பயந்தாள். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். எனக்குப் பயத்தில் வாயே வரவில்லை.

பின்வளவுப் பெண் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே தெரியாததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"வந்து போறன் எண்டு சொல்லுறியள் அம்மா. நான் போறது எங்கை?"

மனைவி உள்ளே போய்விட்டாள். விதானையார் தன் கோப்பைக்குள் பார்த்தார். அந்த நேரத்தில் நான் வாய் திறந்தேன், திறக்காமல் இருந்திருக்கலாம்.

"நீ கொக்கா வீட்டு விலாசத்திலை பதியலாமே," என்றேன். "எங்கை போட்டாலும் ஒரு வாக்குத்தானே."

"நான் அங்கை பாய் விரிக்கிறேல்லையே ஐயா," என்றார். "கனடாவிலை படுக்கிறவையின்ரை பேர் இங்கை இருக்கு. இங்கை படுக்கிற என்ரை பேர் அக்கா வீட்டிலை இருக்கவேணுமோ?"

விதானையார் எழும்பினார். "வெள்ளிக்கிழமைக்குள்ளை தாங்கோ ஐயா. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் செய்யேலாது." படிவத்தை மேசையில் வைத்து அதன்மேல் என் குளிசைப் போத்தலை வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. கையெழுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம் தேவையில்லை. நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். வைத்தால் தங்கை கதைக்கமாட்டாள். வைக்காவிட்டால் விதானையார் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? ஆசிரியை என்ன நினைப்பார்? தங்கை கோபித்தால் என் செத்தவீட்டுக்கு வருவாளா என்றுகூட யோசித்தேன். யார் யார் வருவார்கள் என்று எண்ணியும் பார்த்தேன். அந்த எண்ணிக்கையில் பின்வளவுப் பெண்ணை, பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து எண்ணியிருந்தேன். அதை உணர்ந்தபோது என் முகம் சுட்டது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லாதபோதே சுட்டது.

வியாழன் காலை கையெழுத்து வைத்தேன். துணிந்து வைத்தேன் என்று சொல்லமாட்டேன். களைத்துப்போய் வைத்தேன். மை காயும்வரை ஊதிவிட்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடியால் பின்னுக்குப் போனேன்.

கொட்டிலுக்கு முன்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றது. விடியற்புறம் அது படலையால் வந்த சத்தத்தை, ஒழுங்கையால் போகிற வண்டி என்று நினைத்திருந்தேன். பெட்டியில் பாதிக்குமேல் சாமான் ஏறிவிட்டது. இரண்டு தகரப் பெட்டி, ஒரு சாக்கு அரிசி, அம்மி, சுருட்டிய தறப்பாள், சுருட்டிய பாய். ஒரு ஆடு தென்னையில் கட்டியிருந்தது. கோழிக் கிழவர் கூரைத் தடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆசிரியை அவற்றை வாங்கி அடுக்கினார். என்னைக் கண்டு "சேர்" என்று தலையசைத்தார், வேலையை நிறுத்தவில்லை.

"கையெழுத்து வைச்சிட்டன்," என்றேன், படிவத்தை நீட்டி.

அவர் கையைச் சேலையில் துடைத்தார். துடைத்த கையை நீட்டவில்லை.

"வேண்டாம் ஐயா. இண்டைக்கு நான் அக்கா வீட்டிலைதான் படுப்பன். பக்கத்திலை ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கித் தருகினம். விதானையாருக்கும் சொல்லிப்போட்டன். அங்கை பதியிறா."

"ஏன் இப்பிடி அவசரப்பட்டனீங்கள்? ஒரு நாள் பொறுத்திருக்கலாமே."

நீங்கள் என்று என் வாயில் வந்தது. வந்ததை நானே திரும்பிப் பார்த்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நீங்கள் வைச்சது சந்தோசம் ஐயா. குறை நினைக்காதையுங்கோ. ஆனா இந்த வருசம் உங்களிட்டை வாங்கினால் வாற வருசமும் வாங்கவேணும். நான் இருக்கிறன் எண்டதுக்கு வருசா வருசம் வாசலிலை நிக்கேலாது. அங்கை ஒடுக்கம்தான். ஆனா நான் இருக்கிறனெண்டு அங்கை ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லை."

நான் நின்றேன். போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. கோழிக் கிழவர் மேலிருந்து கூப்பிட்டார்.

"ஐயா சும்மாதானே நிக்கிறியள்? உந்த அடுப்புக்கல்லை ஒருக்கா எடுத்துக் குடுங்கோவன்."

படிவத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் குனிந்தேன். மூன்று கற்கள். காலையில் சமைத்திருக்கிறார், சூடு ஆறியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஆசிரியையின் கையில் கொடுத்தேன். லாண்ட்மாஸ்டர் முன்படலையால்தான் போக முடியும். பின்வளவுக்கு வண்டி வர வேறு வழி இல்லை. படலையை நான்தான் திறந்துவிட்டேன். மனைவி யன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். எனக்கு அவளுடைய பாதம் தெரிந்தது.

தேர்தல் வந்தது. வாக்களிப்பு நிலையம் பள்ளிக்கூட மண்டபம். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர் தள்ளி அவர் நின்றார், தமக்கையோடு. அலுவலர் இடாப்பைப் பார்த்து அவருடைய இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசித்தார். "ஓம்!" என்று அவர் சொன்ன சத்தத்துக்கு முகவர்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார். நெடுநேரம் வரவில்லை. வரிசை முணுமுணுத்தது. நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் எடுக்கிற நேரத்தை எண்ணாமல் நின்றேன்.

வெளியே வரும்போது மை பட்ட விரலைச் சேலையில் முட்டாமல் தள்ளிப் பிடித்திருந்தார். "வாறன் ஐயா," என்றார். சுமுகமாகத்தான் சொன்னார். என் முறை வந்தபோது அலுவலர் அடிமட்டத்தை எங்கள் வீட்டு எட்டுப் பெயரின் மேல் வைத்து, "மற்றவை?" என்று கேட்டார். "வெளியிலை," என்றேன். வெளியில் என்றால் எங்கே என்று அவர் கேட்கவில்லை. இங்கே அதை யாரும் கேட்பதில்லை.

கோயில் திருவிழாவுக்குத் தங்கை கனடாவிலிருந்து வந்தாள். வந்த அன்றே பின்வளவைச் சுற்றிப் பார்த்தாள். கொட்டில் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. தென்னைகள் வாடியிருந்ததையும் கண்டாள். மழை குறைவு போல என்றாள்.

தேருக்கு மறுநாள் எங்கள் வீட்டில் பகல் சாப்பாடு. உறவுக்காரர் பன்னிரண்டு பேர். பாயாசம் பரிமாறுகிற நேரம் தங்கை எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அண்ணை இருந்தபடியால்தான் என்ரை காணி தப்பினது. ஒரு சண்டை சச்சரவில்லை. சத்தமில்லாமல் எழுப்பிப்போட்டார்."

"எழுப்பிப்போட்டாரோ?" சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மைத்துனர் வாழையிலையிலிருந்து நிமிர்ந்தார். "கோட்டுக்குப் போனால் பத்து வருசம் இழுக்குமே. அத்தான், எப்பிடிச் செய்தனீங்கள்? எனக்கும் சொல்லித் தாங்கோ. எங்கடை தோட்டக் காணியிலையும் ஒரு குடும்பம் இருக்கு. பேர் பதியப்போறம் எண்டு நிக்கினம்."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதையோடு பார்த்தார்கள். கச்சேரியில் இருந்த காலத்தில்கூட என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. அவர் எழும்பியது ஏன் என்று நான் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் இருக்கும்போது நீட்டிய கையெழுத்து இன்னும் என் அலுமாரிக்குள் இருக்கிறது என்று எடுத்துக் காட்டியிருக்கலாம். மைத்துனருக்கு, அந்தக் குடும்பத்தைப் பதியவிடுங்கோ, காணி எங்கேயும் போகாது, நான் சட்டம் தெரிந்தவன் என்றாவது சொல்லியிருக்கலாம். அதுதான் அவசரமாக இருந்தது. அங்கே எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும்.

"நான் ஒண்டும் செய்யேல்லை," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் எப்போதும் இப்படித்தான், தன்னைப் புகழமாட்டார் என்றார் மைத்துனர். தங்கை என் இலையில் இன்னொரு வடையை வைத்தாள். மனைவி பாயாசச் சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அவள் திரும்பி வருவாள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

மைத்துனர் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடையைச் சாப்பிட்டேன்.